கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம்

கேட்கக் கூச்சப்பட்டு உதவுதொகை விண்ணப்பத்தின் கடைசித் திகதியைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். காய்ச்சலால் பரீட்சைக்குப் போகாமல் விட்டு, மருத்துவச் சான்றிதழை எங்கே கொடுப்பது என்று ஒருவரிடமும் விசாரிக்காமல் இருந்து, கடைசியில் அந்தப் பாடத்தை அடுத்த வருடம் மீள்பரீட்சையாக எழுதியவர்களையும் தெரியும். எல்லோரும் கெட்டிக்காரர்கள். உயர்தரப் பரீட்சையில் என்னைவிட நல்ல பெறுபேறு எடுத்தவர்கள். அலுவலக யன்னலுக்கு முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்பதுதான் அவர்களுக்கு மலையாக இருந்தது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. வன்னியிலிருந்து, பல்கலைக்கழக வளாகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வந்த புதிதில் கன்ரீனுக்குப் போய்த் தேநீர் வாங்கக்கூடத் தயக்கம். நான்கு வருடம் முடியப்போகிறது, இன்றைக்கும் நான் கலகலப்பான ஆள் இல்லை. ஆனால் அலுவல்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. கூச்சம் போன பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் வருடம் போய்விடும். கூச்சத்தோடேயே செய்து முடிக்கக்கூடிய விதமாக வேலைகளை ஒழுங்குபடுத்த முடியும். அதற்கான வழிகளை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உங்கள் பீடம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான எல்லோரும் திருநெல்வேலிக்குப் போவதில்லை. பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் ஆகிய மூன்று பீடங்களும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. இசையும் நடனமும் மருதனார்மடத்தில், சித்த மருத்துவம் கைதடியில். கலை, விஞ்ஞானம், முகாமைத்துவம் போன்றவைதான் திருநெல்வேலி வளாகத்தில். உறவினர் ஒருவர் அவசரப்பட்டுக் கொக்குவிலில் அறை பிடித்து முற்பணமும் கட்டிவிட்டு, பிள்ளை படிக்கப்போவது கிளிநொச்சியில் என்று பிறகு தெரியவந்தால் அந்தப் பணம் திரும்பி வருவது கஷ்டம்.

பதிவு இரண்டு கட்டமாக நடக்கிறது என்பதையும் மனத்தில் வைத்திருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளியான இசட் வெட்டுப்புள்ளி வெளிவந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் இணையவழியாக உங்கள் அனுமதியை உறுதிப்படுத்திக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம் தன் பதிவுக்கு அழைக்கும். முதலாவதைச் செய்யாவிட்டால் இரண்டாவது வராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம்மில் பலர் விண்ணப்பத்தைக் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து நிரப்புகிறோம். கூச்சமுள்ளவர்கள் கடைக்காரர் கேட்பதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அவரும் வேலை சுலபமாக முடியட்டும் என்று தன்னுடைய மின்னஞ்சல் முகவரியையே போட்டுவிடுவார். மாதங்கள் கழித்து உறுதிப்படுத்தும் தகவல் அந்த முகவரிக்குப் போகும், நீங்கள் வீட்டில் காத்துக்கொண்டிருப்பீர்கள். போவதற்கு முன்பே உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து, அதையும் கைத்தொலைபேசி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாய் திறக்கவே தேவையில்லை, தாளை நீட்டினால் போதும்.

2. ஆவணங்கள்: பதிவுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, உயர்தர, சாதாரணதரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், கட்டணம் கட்டிய ரசீது. இவற்றோடு பல்கலைக்கழகம் அனுப்பும் மருத்துவப் பரிசோதனைப் படிவமும், பகிடிவதையில் (ராகிங்) ஈடுபடமாட்டேன் என்ற உறுதிமொழிப் படிவமும் இருக்கும். பின்னதில் பெற்றோரின் கையொப்பமும் வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்து, ஒரு தொகுதியை அதிபரிடமோ சமாதான நீதவானிடமோ உறுதிப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்கு ஒன்று, உதவுதொகைக்கு ஒன்று, பீட அலுவலகத்துக்கு ஒன்று என்று வருடம் முழுவதும் கேட்பார்கள். கையில் இருந்தால் போட்டோக்கொப்பிக் கடை வரிசையில் நிற்கும் வேலையும் மிச்சம்.

நேரம் எடுப்பவை இரண்டு. ஒன்று, வதிவையும் குடும்ப வருமானத்தையும் காட்டும் கிராம அலுவலர் சான்றிதழ். கிராம அலுவலர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை, வெளிவேலைக்குப் போய்விடுவார். அவர் ஒப்பமிட்ட பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று நம்பிப் போக வேண்டாம்.

இரண்டாவது, பெயர். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு விதமாகவும், பெறுபேற்றில் ஆங்கில எழுத்தில் வேறு விதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் பெயர் இருப்பது நம் ஊர்களில் சாதாரணம். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும் இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்து வைத்திருங்கள். பட்டச் சான்றிதழ் வரை இந்தப் பெயர்தான் உங்களோடு வரும்.

3. விடுதியா, போடிங்கா (வெளியில் வாடகை அறையா)?

விடுதி இடம் வீட்டின் தூரத்தையும் வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. முதலாம் வருடத்தவர்களுக்கும் இறுதி வருடத்தவர்களுக்கும் பொதுவாக முன்னுரிமை உண்டு. கட்டணம் வெளி வாடகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. எல்லோரோடும் ஒரே அறையில் இருக்க முடியாது என்று பயந்து விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். விண்ணப்பித்துக் கிடைத்த பிறகு வேண்டாம் என்று சொல்லலாம். விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டு நடு வருடத்தில் கேட்டால் கிடைப்பது அரிது.

என் கருத்தைக் கேட்டால், கூச்சமுள்ளவர்களுக்கு முதல் வருடம் விடுதிதான் நல்லது. தேடிப்போய்ப் பழக வேண்டிய தேவை அங்கே இல்லை. குழாயடியில் வாளியோடு காத்து நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் தானாகவே, இன்றைக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் நட்பு தொடங்கிவிடும். தனியறையில் இருப்பவருக்கு அது நடக்காது.

போடிங் என்றால் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், கலட்டி, நல்லூர்ப் பக்கம் வீடுகள் இருக்கின்றன. வீட்டுக்கார அன்ரியிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: முற்பணம் எவ்வளவு, அது திரும்பக் கிடைக்குமா, மின்சாரம் வாடகைக்குள் அடங்குமா, படலை இரவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், சமைக்கலாமா, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது. கடைசிக் கேள்வி முக்கியம். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. சில இடங்களில் நல்ல தண்ணீர், சில இடங்களில் உவர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குடித்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். கட்டும் பணத்துக்கெல்லாம் திகதியோடு ஒரு துண்டில் ஒப்பம் வாங்குங்கள். நல்லவர்கள் இதற்குக் கோபிக்கமாட்டார்கள். நல்லூரில் அறை எடுப்பவர்கள், கோயில் திருவிழா 25 நாள் நடக்கும், அந்த நாட்களில் சுற்றுவீதிகள் மூடப்படும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிடுங்கள். நிலம் தட்டையானது, ஓடுவது சுலபம். பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போ என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. முன்விளக்கும் நல்ல பூட்டும் அவசியம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை, ஆகவே புத்தகப் பைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் வேண்டும்.

4. பணம்: முதல் செமஸ்டருக்கு உதவுதொகையை நம்ப வேண்டாம்

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. செலவு முழுவதும் தங்குவது, சாப்பாடு, பயணம், போட்டோக்கொப்பி ஆகியவற்றில்தான். மகாபொல என்ற புலமைப்பரிசில் கிடைக்காதவர்கள் பேர்சரி எனப்படும் உதவுதொகைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், பேர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் உயரும் என்று அறிவிக்கப்பட்டது. இது பன்னிரண்டு மாதமும் வரும் சம்பளம் போன்றதல்ல, வருடத்துக்குப் பத்துத் தவணைதான். முதல் தவணை கைக்கு வர வகுப்புத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரைக்கும் வீட்டிலிருந்து எவ்வளவு வரும் என்று அம்மா அப்பாவோடு முன்கூட்டியே இருந்து கதையுங்கள். வீட்டில் கஷ்டம் என்று தெரிந்தும் கேட்க மனமில்லாமல் இரவுச் சாப்பாட்டை விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அது வேண்டாம். மாணவர் நலப் பிரிவிலும் மாணவர் ஆலோசகரிடமும் சொன்னால், பழைய மாணவர்களும் நலன்விரும்பிகளும் கொடுக்கும் உதவிகள் பற்றித் தகவல் கிடைக்கும். அவை அறிவித்தல் பலகையில் சிறிய தாளாக ஒட்டப்பட்டிருக்கும். விண்ணப்பிப்பவர்கள் குறைவு.

ஆய்வுகூட வெள்ளை மேலங்கி, கல்குலேட்டர், பாடப்புத்தகம் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே புதிதாக வாங்க வேண்டாம். மூத்த மாணவர்களிடம் பாதி விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கும். பஸ்ஸில் வந்துபோகிறவர்கள் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பருவச்சீட்டுக்குப் பல்கலைக்கழக உறுதிப்படுத்தலோடு விண்ணப்பியுங்கள்.

5. அலுவலக யன்னல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

யன்னலுக்கு முன்னால் பதற்றம் வரக் காரணம், அங்கே போய் வசனத்தை யோசிப்பது. அறையில் இருந்தே எழுதிக்கொண்டு போங்கள். நான் செய்தது இதுதான்: சிறிய கொப்பி ஒன்றில் என் பெயர், பதிவு இலக்கம், பீடம், அதன் கீழே ஒரே ஒரு கேள்வி. "அக்கா, விடுதி விண்ணப்பத்தோடு வருமானச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டுமா, உறுதிப்படுத்திய பிரதி போதுமா?" அவ்வளவுதான். வணக்கம் சொல்லி, கொப்பியைப் பார்த்தே வாசியுங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். அவர்களுக்கும் தெளிவான கேள்விதான் சுலபம். பதில் வந்ததும் அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள். நீங்கள் எழுதுவதைக் கண்டால் சொல்பவர் கொஞ்சம் நிதானமாகச் சொல்வார்.

நேரமும் முக்கியம். அலுவலகம் திறந்து சற்று நேரத்தில் போங்கள். மதிய உணவுக்கு முன்னும் பின்னும், படிவத்தின் கடைசி நாளிலும் வரிசை நீளும், எல்லோருக்கும் பொறுமை போயிருக்கும், உங்கள் பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். கூச்சமுள்ளவருக்கு அது மிகக் கெட்ட நேரம். கடைசித் திகதிக்கு ஒரு வாரம் முன்பு போனால் யன்னலில் நீங்கள் மட்டும்தான்.

படிவத்தைக் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை கேளுங்கள். "இதில் ஒரு முத்திரை போட்டுத் தருவீர்களா?" என்று சொல்லிக்கொண்டே பிரதியை நீட்டுங்கள். பிறகு எந்தக் குழப்பம் வந்தாலும் அந்த முத்திரை உங்களுக்காகப் பேசும். "நாளைக்கு வாருங்கள்" என்றால், நாளைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிவிடுங்கள்.

6. முதல் வாரங்கள்: ஒருவர் போதும்

எல்லோரோடும் பழக வேண்டியதில்லை. ஒரே துறையில் ஒருவர், விடுதியில் ஒருவர், இது போதும். செய்முறை வகுப்புகளிலும் குழு வேலைகளிலும் பெரும்பாலும் பதிவு இலக்க வரிசையில்தான் பிரிப்பார்கள். ஆகவே உங்கள் இலக்கத்துக்கு முன்னும் பின்னும் இருப்பவர்கள் வருடம் முழுவதும் உங்கள் பக்கத்தில் இருக்கப்போகிறவர்கள். அவர்களின் பெயரை முதலாவது நாளே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பக்கத்து இலக்கம் சிங்கள மாணவராக இருக்கலாம். விஞ்ஞான, முகாமைத்துவ, மருத்துவ பீடங்களிலும் கிளிநொச்சியிலும் தெற்கிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஊர் புதிது, மொழி புதிது, கடைச் சாப்பாடும் புதிது. அவர்களும் உங்களைப் போலவே ஆங்கிலத்தில் வசனத்தைத் தேடித் தேடித்தான் கதைப்பார்கள். இரண்டு பக்கமும் மெதுவாகப் பேசுவதால் அந்த நட்பு எனக்கு மற்றவற்றைவிடச் சுலபமாக வந்தது.

வட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பாதீர்கள். அதில் வரும் நேர அட்டவணை மாற்றங்கள் சில வேளை பிழையாக இருக்கும். துறை அறிவித்தல் பலகையை நாளுக்கு ஒரு தடவை பார்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

7. மூத்த மாணவர்களும் பகிடிவதையும்

நல்ல அண்ணாமாரும் அக்காமாரும் நிறையப் பேர். பழைய வினாத்தாள் தருவார்கள். பரீட்சைக்கு முன் குப்பி வகுப்பு வைத்து இரவிரவாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்குப் போங்கள். பின்வரிசையில் இருந்து கேட்டாலே போதும்.

பகிடிவதை வேறு. இலங்கையில் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. தண்டனை இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ கடும் காயமோ ஏற்பட்டால் பத்து வருடம் வரை. பேசாத பிள்ளையைத் தேடிப்பிடிப்பார்கள், வெளியில் சொல்லாது என்ற நம்பிக்கையில். ஆகவே வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதுங்கள். திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள். இரவில் வரும் அழைப்புகளையும் செய்திகளையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அதை மாணவர் ஆலோசகரிடம் கொடுக்கலாம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளம் வழியாகவும் முறையிடலாம். வீட்டுக்கும் சொல்லுங்கள். "எல்லோரும் தாங்கினார்கள், நீயும் தாங்கு" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

8. வகுப்பு, ஆங்கிலம், முன்வைப்பு

விரிவுரை முடிந்ததும் கூட்டத்துக்கு நடுவில் கேள்வி கேட்க முடியாவிட்டால் மின்னஞ்சல் எழுதுங்கள். பெயர், பதிவு இலக்கம், பாடக் குறியீடு, ஒரு கேள்வி. பதில் வராவிட்டால் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பார்த்து, "சேர், கடந்த வகுப்பில் ஒரு சந்தேகம்" என்று தொடங்குங்கள். தனியாக வருகிற மாணவரை விரிவுரையாளர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆங்கில மொழி கற்பித்தல் நிலையத்தின் வகுப்பை விட்டுவிடாதீர்கள். புள்ளி குறைவு என்று பலர் போவதில்லை. ஆனால் பிழைவிட்டுப் பேசுவதற்கென்றே இருக்கிற ஒரே வகுப்பு அதுதான். முன்வைப்பு வந்தால் முதலாவதாகச் செய்யக் கேளுங்கள். காத்திருக்கக் காத்திருக்கத்தான் நடுக்கம் கூடும். முதல் இரண்டு வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்து, அதே மண்டபத்தில் மாலை ஆளில்லாத நேரம் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

9. வருகை, பரீட்சை, நோய்

பெரும்பாலான பாடங்களுக்கு 80 சதவீத வருகை வேண்டும். 15 விரிவுரை மணித்தியாலம் ஒரு கிரெடிட். இரண்டு கிரெடிட் பாடம் என்றால் 30 மணித்தியாலம், ஆகவே தவறவிடக்கூடியது ஆறு மணித்தியாலம் மட்டும். தாமதமாகிவிட்டதால் கதவைத் திறந்து உள்ளே போகக் கூச்சப்பட்டு வெளியே நிற்கிறவர்களுக்கு இந்த ஆறு மணித்தியாலம் சீக்கிரம் கரைந்துவிடும். பத்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

பரீட்சை விண்ணப்பப் படிவத்துக்குத் தனிக் கடைசித் திகதி உண்டு. காய்ச்சலோ விபத்தோ என்றால் பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்கோ அரச வைத்தியசாலைக்கோ போய்ச் சான்றிதழ் வாங்குங்கள். தனியார் மருத்துவரின் துண்டு பெரும்பாலும் ஏற்கப்படாது. எழுந்து நடக்க முடியாவிட்டால் பெற்றோர் மூலமோ நண்பர் மூலமோ அன்றைக்கே பீட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.  சான்றிதழ் ஏற்கப்பட்டால் அடுத்த தடவை முதல் தடவையாகவே கணிக்கப்படும். ஏற்கப்படாவிட்டால் அது மீள்பரீட்சை. அதில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக சி தரத்துக்கு மேல் கிடைக்காது, அதாவது தரப்புள்ளி 4.00 இல் 2.00.

மனம் சோர்ந்து நித்திரை வராமல், வகுப்புக்குப் போகவே பிடிக்காமல் வாரக்கணக்காக இருந்தால் அதுவும் நோய்தான். சுகாதார நிலையத்துக்கோ மாணவர் ஆலோசகரிடமோ போங்கள். முகம் காட்ட முடியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 க்கு அழையுங்கள்.

10. வருட முடிவில்

இரண்டாம் வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அது தானாக நடக்காது. விடுதி அறையைக் கையளிக்கும்போது கட்டிலும் திறப்பும் ஒப்படைத்ததற்குத் துண்டு வாங்குங்கள். விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள், புதுப்பித்தல் அறிவித்தல் வந்தால் அனுப்பச் சொல்லிப் பக்கத்து இலக்கக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டு, ஆவணக் கோப்பையும் கையோடு கொண்டுபோங்கள். வருமானச் சான்றிதழ் பழையதாகியிருந்தால் ஊரில் இருக்கும்போதே புதியதை எடுத்துவிடலாம்.